நாற்பது கட்டி ஐஸ்

ஃப்ரிட்ஜ் சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சென்டரில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். கேஸ் நிரப்புவது, போர்டு பார்ப்பது, கம்ப்ரசர் மாற்றுவது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாததைக் கையில் இருக்கிற போனே சொல்லிக் கொடுத்துவிடுகிறது. முப்பத்தொரு வருஷம் தாம்பரம் சுற்று வட்டாரத்தில் அடுத்தவர் வீட்டு அடுப்படியில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தேன் என்பது மட்டும்தான் என் தகுதி. அதை வைத்துக்கொண்டு உங்களுக்கு உபதேசம் செய்யக் கூச்சமாக இருந்தது.

பிறகு யோசித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வேலையைப் பற்றி மட்டும் நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் மனைவிக்கே பாதிதான் தெரியும். அதை எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்கிற இடம் ஒன்றுகூடக் கிடையாது. படித்துவிட்டு என்னை எங்கேயாவது பார்த்தால் வணக்கம் வைக்கத் தோன்றாமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம், சித்திரை மாதம். மாடம்பாக்கத்தில் கோயிலைத் தாண்டி உள்ளே போகிற தெரு ஒன்றில் ஒரு வீடு. இரண்டு கதவு வைத்த பெரிய ஃப்ரிட்ஜ். தண்ணீர்க் குழாயை அதோடு இணைத்துவிட்டால் தானே தண்ணீர் பிடித்து, தானே உறைய வைத்து, கட்டி கட்டியாகக் கீழே இருக்கிற பெட்டியில் தள்ளும். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டி சின்னதாக, மெலிசாக வருகிறது என்று புகார். புகார் கொடுத்தது வெளிநாட்டில் இருக்கிற மகன். ஃப்ரிட்ஜை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

கதவைத் திறந்தவர் எஸ்தர் டீச்சர். அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே, "பையன் வீடியோ கால்ல பார்த்துட்டு அவனே போட்ட கம்ப்ளைன்ட்ங்க. இவ்வளவு விலை குடுத்து வாங்கினது, கட்டி ஏம்மா இப்படித் தேஞ்சு போய் விழுதுன்னான். எங்களுக்கு இதுவே போதும். நடக்குதுல்ல?" என்றார்.

இந்த வாக்கியத்தை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதுவே போதும், நடக்குதுல்ல. கஸ்டமர் இப்படிச் சொன்னால் நம்மில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மூக்கின் மேல் கோபம் வரும். வேலை தெரிந்தவனை வாசலில் நிறுத்திவிட்டு இது போதும் என்பதா? எனக்கும் வந்தது. "அப்படிச் சொல்லாதீங்க டீச்சர். கம்பெனி என்ன சைஸ் சொல்லியிருக்கோ அந்த சைஸ்ல வரணும். நான் வந்துட்டேன்ல, பாருங்க" என்று பையை இறக்கினேன்.

நம் பக்கத்துத் தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பட்ட இடமெல்லாம் வெள்ளை பூத்துவிடும். சுத்திகரிக்கிற மெஷினிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு வருகிற மெல்லிய குழாயிலும் வால்விலும் அடைப்பு. மெஷினை மாட்டிக் கொடுத்தவனும் தண்ணீர் சரியான வேகத்தில் வருகிறதா என்று பார்க்காமலே போயிருக்கிறான். ஃப்ரிட்ஜ் வந்த நாளிலிருந்தே அந்த வீட்டில் ஐஸ் அச்சு பாதிகூட நிரம்பியதில்லை. கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த ஒரு தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். அதில் காலை 10, மதியம் 15, மாலை 15 என்று பென்சிலால் எழுதியிருந்தது. மாத்திரைக் கணக்கு போலிருக்கிறது என்று நினைத்தேன்.

டீச்சர் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார். நான் வாயில் ஸ்குரூவைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். "சாருக்கு எண்ணி எண்ணித்தான் குடுக்கிறேன்" என்று ஒருமுறை சொன்னார். ஐஸ் போதாமல்தான் பாவம் எண்ணிக் கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து, முதல் தட்டு ஐஸ் தடதடவென்று விழுந்தது. ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று முழுசாக இருந்தது. நான் பெருமையாக, "இனிமே எண்ணவே வேண்டாம் டீச்சர், அள்ளி அள்ளிக் குடுங்க" என்றேன். அவர் சிரித்தார். நான் ஏதோ விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

உள்ளே அறையில் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது. யார், என்ன என்று நான் கேட்கவில்லை. இந்த ஐஸ் எதற்கு என்றும் கேட்கவில்லை. வீட்டில் ஐஸ் எதற்கு? ஜூஸுக்குத்தானே! அடுத்த வீடு செம்பாக்கம், அதற்கடுத்து பம்மல், மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மகனிடமிருந்து சாயங்காலமே ஐந்து நட்சத்திரம் வந்தது. 'எக்ஸலென்ட்' என்று வேறு எழுதியிருந்தார்.

மூன்று வாரம் கழித்து அதே வீட்டிலிருந்து மறுபடியும் அழைப்பு. இந்தத் தடவை டீச்சரே போன் செய்திருந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட வேண்டும் என்று புகாரில் இருந்தது. சென்டரில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் யாரோ நடுராத்திரியில் கேக் திருடித் தின்கிறார்கள் என்று ஒருவன் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டேதான் வண்டியைக் கிளப்பினேன்.

டீச்சரைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. கண்ணுக்குக் கீழே கறுத்து, ஆளே பாதியாகியிருந்தார். அடுப்படிக் கதவில் புதிதாக ஒரு தாழ்ப்பாள், அதில் பூட்டு. குடத்தின் மேல் தட்டு, தட்டின் மேல் அம்மிக் குழவி. சுத்திகரிக்கிற மெஷினின் குழாய் வாயில் ஒரு துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

"சார் டயாலிசிஸ் பேஷன்ட்" என்று ஆரம்பித்தார். "ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு தடவை கூட்டிட்டுப் போறோம். யூரின் சுத்தமா வராது. குடிக்கிற தண்ணி அப்படியே உடம்புலதான் நிக்கும். அதனால ஒரு நாளைக்கு இவ்வளவுதான்னு டாக்டர் அளந்து குடுத்திருக்காங்க. தாகம் தாங்காதுன்னு தண்ணிக்குப் பதிலா ஐஸைச் சப்பச் சொன்னாங்க. அதுக்காகத்தான் பையன் இந்த ஃப்ரிட்ஜையே வாங்கினான்."

என் கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன்.

"நல்லாத்தான் இருந்தாருங்க. இந்த மூணு வாரமா ஒவ்வொரு தடவை போறப்பவும் எடை கூடிக்கிட்டே இருக்கு. கால் வீங்குது. அங்க இருக்கிற நர்ஸ் எல்லார் முன்னாடியும் திட்டுது, ஐயா திருட்டுத்தனமா தண்ணி குடிக்கிறார்னு. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பிட்டு இருக்கோம், மூச்சு விட முடியல. நுரையீரல்ல தண்ணி கோத்துக்கிச்சு. அஞ்சு நாள் ஐ.சி.யூ. இதயம் ஏற்கெனவே வீக்காம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா காப்பாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் குடிக்கலைன்னு எத்தனை தடவை சொல்றது எஸ்தர்?"

டீச்சர் குரலை உயர்த்தினார். "அப்போ எடை எப்படிங்க ஏறுது? ஆகாயத்துல இருந்தா வந்துச்சு?" பிறகு என் பக்கம் திரும்பி, "பைபிள் மேல கை வெச்சு சத்தியம் பண்றாருங்க. நாற்பத்திரண்டு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணம் ஆகி. இந்த மனுஷன் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்ல. இப்ப பைபிள் மேல கை வெச்சுப் பொய் சொல்றார்" என்றார். அழுகையை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

மதிய ஐஸுக்கு நேரமாகியிருந்தது. ஃப்ரீசரைத் திறந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார். "இதோ பாருங்க, காலையிலயே நாப்பது கட்டி எண்ணி இந்த டப்பாவுல தனியா வெச்சிடுவேன். ஃப்ரிட்ஜ் வந்த மொத வாரமே உருக வெச்சுப் பார்த்துட்டேன், இருபது கட்டி ஒரு டம்ளர். நாப்பது கட்டின்னா ரெண்டு டம்ளர். கணக்கு அன்னைக்கும் அதுதான், இன்னைக்கும் அதுதான். ஒரு கட்டி கூடக் குடுக்கல."

டப்பாவுக்குள் பார்த்தேன். எல்லாம் கொழுகொழுவென்று, கம்பெனி சொன்ன சைஸில், நான் சரி செய்து கொடுத்த ஐஸ்.

அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. முன்பு இருபது கட்டிக்கு ஒரு டம்ளர் என்றால், இப்போது அதே இருபது கட்டியில் இரண்டரை டம்ளர் இருக்கும். அந்த மனிதர் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் திருடவில்லை. அவர் மனைவியே தினமும் தன் கையால் எண்ணி, அளவுக்கு இரண்டரை மடங்கு தண்ணீரை அவர் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். காரணம் நான்.

கணக்கு டீச்சருக்கு இது ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். கட்டி அழகாக வருகிறது என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனால் நாற்பது என்ற எண் மாறவே இல்லை. எடை ஏறியதும் நர்ஸ் ஒரு காரணம் சொன்னார், டாக்டரும் அதையே சொன்னார், பக்கத்துப் படுக்கைக்காரர்களும் அதையே சொன்னார்கள். எல்லா நோயாளிகளும் செய்கிற காரியம்தான் அது. திருடன் யார் என்று முடிவாகிவிட்ட பிறகு யாரும் வேறு பக்கம் தேடுவதில்லை.

வண்டியிலிருந்து ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெருவில் நின்று சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவன். நடந்ததைச் சொன்னேன்.

"அண்ணா, இப்ப இன்னாத்துக்கு நீயா போயி வாயைக் குடுக்கிற? ஐ.சி.யூ. மேட்டர் கீது அதுல. கேஸு கீஸுன்னு போனா உனக்கும் பேஜாரு, எனக்கும் பேஜாரு. நீ தப்பாவா செஞ்ச? கம்பெனி சைஸ்தான வெச்ச? பேசாம சைஸைக் கம்மி பண்ணு, பூட்டை மாட்டு, ஜாப்பை க்ளோஸ் பண்ணிட்டு வந்துகினே இரு."

பழியை அவன் மேல் போடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவன் இப்படித்தான் சொல்வான் என்று தெரிந்துதான் அவனைக் கூப்பிட்டேன். பொழிச்சலூரில் என் வீட்டுக்குப் போன் போட்டிருந்தால், என் மனைவி, "உள்ள போய் சொல்லிட்டு வாங்க, என்ன ஆனாலும் ஆகட்டும்" என்று சொல்லியிருப்பாள். அதனால்தான் அவளைக் கூப்பிடவில்லை. பயந்தேன். ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தது. போலீஸ், கோர்ட், கம்பெனி விசாரணை என்று என்னென்னவோ கண் முன்னால் ஓடியது. அந்தப் பயத்துக்கு வேறு நல்ல பெயர் ஒன்றும் கிடையாது.

உள்ளே போனேன். தண்ணீர் நிரம்புகிற அளவைப் பழைய நிலைக்கே குறைத்தேன். பெட்டியிலும் டப்பாவிலும் இருந்த ஐஸை எல்லாம், "ஒரு மாதிரி வாசனை வருது டீச்சர், இது வேணாம்" என்று சொல்லித் தொட்டியில் கொட்டினேன். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய கட்டிகூட மிஞ்சக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு அவை கரைவதை நின்று பார்த்தேன். மூளை அப்போது மட்டும் எவ்வளவு கூர்மையாக வேலை செய்தது தெரியுமா?

அப்போது அறையிலிருந்து சார் என்னைக் கூப்பிட்டார். ஜெபராஜ் சார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். கட்டிலில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். உதடு வெடித்திருந்தது. என் சட்டையில் இருந்த பெயரைப் படித்தார்.

"மாணிக்கம், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இது கம்ப்யூட்டர் ஃப்ரிட்ஜ்தானே? கதவை எத்தனை மணிக்குத் திறந்தாங்க, எத்தனை தடவை திறந்தாங்கன்னு உள்ளே எங்கேயாவது பதிவாகுமா?"

"எதுக்கு சார்?"

"பதிவாச்சுன்னா எடுத்து அவகிட்ட காட்டுங்க. நான் திறக்கவே இல்லைன்னு தெரியும்ல. நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. உங்களை மாதிரி டெக்னிக்கல் ஆள் சொன்னா நம்புவா."

ஆபீஸில் காலமெல்லாம் கோப்பும் பதிவேடும் பார்த்த மனிதர். தன் பக்கம் ஒரு பதிவு இருக்காதா என்று ஒரு மெஷினிடம் சாட்சி தேடிக்கொண்டிருந்தார். சாட்சி அவர் கட்டில் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"அதெல்லாம் இதுல பதிவாகாது சார்" என்றேன்.

"சரி, பரவாயில்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பூட்டையும் நானே மாட்டினேன். இரண்டு கதவுக்கும் சேர்த்து, ஒரே சாவி. அதை டீச்சர் தன் தாலிச் சங்கிலியோடு கோத்துக்கொண்டார்.

பத்து நாள் கழித்து டீச்சரிடமிருந்து போன். என் நம்பரை எப்படியோ வாங்கியிருந்தார். கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"தேங்க்ஸ் சொல்லத்தான் கூப்பிட்டேங்க. ஐஸ் மறுபடி சின்னதாத்தான் வருது, அது கிடக்கட்டும். பூட்டு போட்டதும் எடை அப்படியே இறங்கிடுச்சு. மூணு தடவை போயிட்டு வந்தோம், ஒரு கிலோகூட ஏறல. நர்ஸே பாராட்டுது. பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல? அவருக்கு முகத்துல ஈயாடல."

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நான் வேலையை ரகசியமாகச் சரி செய்தேன். இயந்திரம் சரியாகிவிட்டது, நோயாளியின் உடம்பும் தேறிவிட்டது. நம் கணக்கில் இதற்குப் பெயர் வெற்றி. ஆனால் நான் சொல்லாமல் சரி செய்ததாலேயே அவர் மேல் விழுந்த பழி நிரூபணமாகிவிட்டது. பூட்டு போட்டால் எடை இறங்குகிறது என்றால் பூட்டுக்கு முன்னால் திருடினார் என்றுதானே அர்த்தம்! டீச்சரின் கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். போனில் இரண்டு வாக்கியம் போதும். நான், "நல்லது டீச்சர், உடம்பைப் பார்த்துக்கச் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். அடுத்த வாரம் போய்ச் சொல்லிவிடலாம், இல்லாவிட்டால் ஓய்வு பெற்ற மறுநாள் முதல் வேலையாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நானே எனக்கு வாய்தா வாங்கிக்கொண்டேன். மாடம்பாக்கம் பக்கம் புகார் வந்தால் வேறு ஆளைத் தள்ளிவிட்டேன். அந்தத் தெருவைத் தாண்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்வேன். என்ன பிழைப்பு!

நாலு மாதம் போயிருக்கும். ஒரு காலையில் மறுபடி டீச்சரின் பெயர் போனில் வந்தது. சார் தவறி மூன்று வாரம் ஆகிவிட்டது என்றார். மத்தியானம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஃப்ரிட்ஜை ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கப் போவதாகவும், பூட்டைக் கழற்றிக் குழாயை மூடிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். "உங்களுக்குத்தான் இந்த வீடு தெரியும், நீங்களே வாங்க."

போனேன். கூடத்தில் சாரின் படம். வீடு முழுக்கக் கதவுகள் திறந்து கிடந்தன. டீச்சர் காபி கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"இதயம்தாங்க. அந்த ஐ.சி.யூ.வால இல்ல, எப்படியும் இது வர வேண்டியதுதான்னு டாக்டர் சொன்னார்" என்றார். அந்த டாக்டர் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும் என்று இன்று வரைக்கும் நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். டீச்சர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மெதுவாகப் பேசினார். "கடைசியில எனக்கு ஒரு ஆறுதல்ங்க. போறதுக்கு ஒரு மாசம் முன்னாடி ஒத்துக்கிட்டார். ஒரு நாள் சாயங்காலம் ஜெபம் முடிச்சதும் என் கையைப் பிடிச்சு, 'ஆமா எஸ்தர், குடிச்சேன். என்னை மன்னிச்சிடு'ன்னார். எனக்கு மனசே லேசாயிடுச்சு. அன்னைக்கு ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி நாங்க பேசவே இல்ல. அந்த ஒரு மாசம் பழைய மாதிரி இருந்தோம்."

ஸ்குரூ கையிலிருந்து நழுவி ஃப்ரிட்ஜுக்கு அடியில் உருண்டு போனது. நான் அதைத் தேடவில்லை.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் வந்துவிட்டால் இந்த அம்மாவுக்கு அந்த நிம்மதி மிஞ்சும். சொன்னால் அதையும் பிடுங்கிக்கொண்டு வருவேன். இன்றைக்கும் எது சரி என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் பைபிளைத் தொட்டு உண்மையைச் சொன்ன ஒரு மனிதர் அந்த வீட்டில் பொய்யராகவே படமாகித் தொங்குகிறார். அவருக்காகச் சொல்ல என்னைத் தவிர உலகத்தில் வேறு ஆள் கிடையாது. நாலு மாதம் என் தோலைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடியிருந்தேன். இனிமேலும் மூடினால் அது டீச்சரின் நிம்மதிக்காக என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? அதுவும் எனக்காகத்தான் இருக்கும்.

தரையில் உட்கார்ந்தபடியே சொன்னேன். கட்டி ஏன் சின்னதாக வந்தது, நான் என்ன செய்தேன், எவ்வளவு பெரிதாயிற்று, பிறகு என்ன மாற்றினேன், ஐஸை ஏன் கொட்டினேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். "சார் குடிக்கல டீச்சர். ஒரு சொட்டு கூடக் குடிக்கல. எடை குறைஞ்சது பூட்டால இல்ல."

டீச்சர் அழவில்லை. கத்தவும் இல்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. இருபது, நாற்பது, இரண்டு டம்ளர், ஐந்து டம்ளர் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது. முடித்ததும் நிமிர்ந்தார்.

"உங்களுக்கு இது எப்பங்க தெரியும்?"

இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்தப் பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"பூட்டு போட வந்த அன்னைக்கே தெரியும் டீச்சர்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். என் பதில் அவருக்குப் பெரிதாகக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் வேறு எங்கேயோ போய்விட்டிருந்தார்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால், இந்தப் பொருள் இந்த வீட்டில் யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். இதுவே போதும் என்று ஒருவர் சொன்னால், எதற்குப் போதும் என்று கேளுங்கள். உங்கள் கையால் ஏதாவது மாறியது தெரிந்தால் அந்தக் கதவைத் தாண்டி வெளியே வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். வேலை போனால் இன்னொரு வேலை கிடைக்கும். எனக்கு வேலை போகவில்லை. டீச்சர் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. ஓய்வு பெற்ற அன்று சென்டரில் மாலை போட்டு, சால்வை போர்த்தி, முழு மரியாதையோடுதான் என்னை வழியனுப்பி வைத்தார்கள். அந்தச் சால்வையை நான் பிரிக்கவே இல்லை.

அன்று நான் பையை மூடிக்கொண்டு எழுந்தபோதும் டீச்சர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினேன். வகுப்பில் ஒரு கணக்கு எங்கே பிசகியது என்று பிள்ளைகளைக் கேட்கிற அதே நிதானமான குரலில் கேட்டார்.

"அவர் குடிக்கலைன்னா, அப்புறம் எதுக்குங்க ஒத்துக்கிட்டார்?"

எனக்குப் பதில் தெரியும். அவருக்கும் தெரியும்.